யுத்தச் செலவும் கட்சிச் சூதும்

ஜனப் பிரதிநிதிகளுக்கு உள்ள அதிகாரங்கள் எல்லாவற்றிலும் தலையாயது பொக்கிஷத்தின் சாவியே. அரசன் யுத்தப் பிரகடனம் செய்யலாம். சேனாபதி அணி வகுக்கலாம். மந்திரிமார் மேடையேறி வீரம் பேசலாம். ஆனால், சிப்பாய்க்குச் சம்பளமும் பீரங்கிக்கு மருந்தும் வேண்டுமானால், அவர்கள் அனைவரும் சபையின் வாயிலில் வந்து கையேந்தி நின்றே தீரவேண்டும். முதலில் குறைகளைக் கேள், பிறகு பணத்தைக் கேள் என்று இங்கிலாந்தின் பொதுஜன சபை தன் மன்னர்களோடு நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடிப் பெற்ற உரிமை இது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டத்தை வகுத்த பெரியோர் இதை ஒரு படி மேலே கொண்டுபோயினர். தரைப்படைக்கென்று ஒதுக்கும் எந்தத் தொகையும் இரண்டு வருஷத்திற்கு மேல் செல்லக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தனர். அந்நாட்டின் பிரதிநிதி சபை இரண்டு வருஷத்திற்கு ஒருமுறை புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுவது. ஆகவே, புதிதாக வரும் ஒவ்வொரு சபையும் நடக்கும் யுத்தத்தைப் புதிதாக ஆராய்ந்து, இது தொடரத் தக்கதுதானா என்று தீர்ப்பளிக்க வேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

அந்தச் சாவி எந்தக் கதியை அடைந்தது? பூட்டைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஏற்பட்ட சாவியைக் கொண்டு கட்சிக்காரர்கள் ஒருவர் மண்டையை ஒருவர் உடைக்கும் காட்சியையே நாம் அந்நாட்டுச் சரித்திரத்தில் திரும்பத் திரும்பக் காண்கிறோம். யுத்தம் நியாயமா, அநியாயமா என்ற கேள்வி எழுவதில்லை. "சிப்பாயின் சோற்றுக்குப் பணம் கொடுக்க நீ கை தூக்கினாயா, இல்லையா?" என்ற கேள்வியே எழுகிறது. தேர்தலுக்கு நிற்பவன் இந்தக் கேள்விக்கு அஞ்சுகிறான். அஞ்சுகிறவன், மனத்தில் வெறுக்கும் யுத்தத்திற்கும் கை தூக்கிவிடுகிறான். இப்படி ஒவ்வொருவராகக் கை தூக்கிய பிறகு, சபை முழுவதும் யுத்தத்தை ஆதரிப்பதாக உலகத்திற்குப் பறை சாற்றப்படுகிறது. நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே. வாய்ப்பேச்சாக விடாமல், நடந்த நிகழ்ச்சிகளையே நேயர்கள் முன் வைப்போம்.

ஈராக் தேசத்தின்மீது அமெரிக்கப் படை பாய்ந்தது 2003-ம் வருஷம் மார்ச்சு மாதம். அதற்கு ஜனாதிபதி புஷ்ஷுக்கு அதிகாரமளிக்கும் தீர்மானத்தை அமெரிக்கச் சட்டசபையாகிய காங்கிரஸ் (பெயர் ஒன்றே ஒழிய நம் காங்கிரஸுக்கும் அதற்கும் யாதொரு ஒட்டுமில்லை) 2002 அக்டோபரில், காங்கிரஸ் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த வேளையில், நிறைவேற்றிற்று. செனட் சபையில் ஆதரவு 77, எதிர்ப்பு 23. தேர்தல் நெருங்கும் நேரம் பார்த்து இப்படிப்பட்ட தீர்மானத்தைக் கொண்டுவருவது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆதரித்தவர்களுள் ஒருவர் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்துச் செனட்டர் ஜான் கெர்ரி. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். வியத்நாம் யுத்தத்தில் போர் புரிந்தவர்.

2003 செப்டம்பரில் மிஸ்டர் புஷ் மேலும் 8,700 கோடி டாலர் கேட்டார். பெரும்பகுதி படைச் செலவுக்கு. சுமார் 2,000 கோடி ஈராக்கின் புனர்நிர்மாணத்திற்கு. இந்தத் தொகை எங்கிருந்து வருவது என்ற கேள்வி உடனே எழுந்தது. செல்வர்களுக்கு அளித்திருந்த வரிக் குறைப்பில் ஒரு பகுதியை ரத்துச் செய்து அதிலிருந்து கொடுப்போம் என்று செனட்டர்கள் பைடனும் கெர்ரியும் ஒரு திருத்தம் கொண்டுவந்தனர். அது 57-க்கு 42 என்ற கணக்கில் தள்ளப்பட்டது. அக்டோபர் 17-ந் தேதி மூல மசோதா ஓட்டுக்கு வந்தபோது மிஸ்டர் கெர்ரி எதிர்த்தார். மசோதா 87-க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறிற்று.

இதே சமயத்தில் நடந்த இன்னொரு காரியத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். புனர்நிர்மாணத் தொகையில் ஒரு பாதியை இனாமாகக் கொடாமல் கடனாகக் கொடுக்கவேண்டும் என்று செனட் சபை திருத்தியிருந்தது. அந்தத் திருத்தம் இருக்குமானால் ஜனாதிபதி தமது வீட்டோ அதிகாரத்தைக் கொண்டு மசோதாவையே நிராகரிப்பார் என்று அவருடைய காரியாலயம் எச்சரித்தது. கடனாக இருந்தால் மசோதா வேண்டாம் என்றார் புஷ். செல்வர் வரியிலிருந்து வராவிட்டால் மசோதா வேண்டாம் என்றார் கெர்ரி. நிபந்தனை இருவருக்கும் இருந்தது. ஒருவர் நிபந்தனை உறுதி எனப் பெயர் பெற்றது. மற்றவர் நிபந்தனை துரோகம் எனப் பெயர் பெற்றது. திருத்தம் நீக்கப்பட்ட இறுதி மசோதாவைச் செனட் சபை நவம்பர் 3-ந் தேதி யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று பெயர் பதியாமல், வாய்மொழி ஓட்டினாலேயே நிறைவேற்றியது. அப்போது சபையில் இருந்தவர் ஒரு சிலரே. தேசத்தின் மானப் பிரச்னை என்று பிற்காலத்தில் முழங்கப்பட்ட மசோதாவுக்குக் கடைசியில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

1904 அல்ல, 2004-ல் நடந்ததைச் சொல்லுகிறோம். ஆனால் சூது பழையதுதான். அவ்வருஷம் மிஸ்டர் கெர்ரி ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டார். குடியரசுக் கட்சியார் மேற்கு விர்ஜீனியா ராஜ்யத்தில் டெலிவிஷன் விளம்பரம் ஒன்று வெளியிட்டனர். சிப்பாய்களுக்கு மார்புக் கவசமா? கெர்ரி இல்லை என்றார். போர்முனைப் படி உயர்வா? இல்லை என்றார். வைத்திய வசதியா? இல்லை என்றார். இவ்விதமாக ஒரே ஓட்டைப் பல துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு குற்றமாக ஆக்கினார்கள். மார்ச்சு 16-ந் தேதி ஹண்டிங்டன் நகரத்தில் இதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது மிஸ்டர் கெர்ரி, அந்த 8,700 கோடியை எதிர்த்து ஓட்டளிப்பதற்கு முன் அதற்கு ஆதரவாகவும் தாம் ஓட்டளித்ததுண்டு என்று விடை பகர்ந்தார். திருத்தத்தைக் கருதிச் சொன்ன சொல். அந்த அளவில் உண்மையே. ஆயினும், எதிரிக்கு அதைவிட நல்ல ஆயுதத்தை எவரும் தயாரித்துக் கொடுத்திருக்க முடியாது. தேர்தல் முடியும்வரை அந்த வாக்கியம் அவரை நிழல்போல் தொடர்ந்தது. நவம்பரில் அவர் தோற்றார். மேற்கு விர்ஜீனியாவும் அவரைக் கைவிட்டது.

இந்த விளம்பரத்தைச் சிறிது சோதித்துப் பார்ப்போம். அந்த மசோதாவில் மார்புக் கவசத்துக்கென்று இருந்த பங்கு மொத்தத் தொகையில் ஒரு சதவீதம்கூட ஆகாது. அதைவிட முக்கியமான விஷயம், போதிய கவசமில்லாமல் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை முதலில் போர்முனைக்கு அனுப்பியது எந்தச் சர்க்கார் என்பது. கவசமின்றி அனுப்பியவர், கவசத்துக்கு ஓட்டளிக்கவில்லை என்று பிறரைச் சாடுவது எந்த நியாயத்தில் சேரும்?

ஆனால், மிஸ்டர் கெர்ரி சுத்த வீரர் என்று சொல்ல நாம் தயாரில்லை. எந்தச் செனட்டரும் படையைக் கைவிட மாட்டார் என்று 2003 செப்டம்பரில் சொன்னவரும் அவரே. இடையில் என்ன நேர்ந்தது? அவருடைய கட்சிக்குள்ளேயே யுத்தத்தைக் கடுமையாகக் கண்டித்த வெர்மாண்டு ராஜ்யத்து ஹவர்டு டீனுக்கு ஆதரவு பெருகிக்கொண்டிருந்தது. மசோதா எப்படியும் நிறைவேறும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தம் ஓட்டினால் ஒரு சிப்பாயின் சம்பளமும் நிற்காது என்று தெரிந்துகொண்டு அளிக்கும் எதிர்ப்பு ஓட்டுக்குத் தைரியம் அதிகம் வேண்டுவதில்லை. யுத்தத்துக்கு அதிகாரம் கொடுத்தபோது பொதுத் தேர்தலைப் பார்த்தவர், பணத்தை மறுத்தபோது கட்சித் தேர்தலைப் பார்த்தார் என்பதே நமது அபிப்பிராயம். எதிரி பொய் சொன்னான் என்பது உண்மை. பொய் ஒட்டிக்கொள்வதற்கு அவர் இடம் கொடுத்தார் என்பதும் உண்மை.

இந்தச் சூதின் வேரைக் காண 158 வருஷம் பின்னே செல்லவேண்டும். 1846-ம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி ஜனாதிபதி போல்க், மெக்ஸிகோ தேசத்தார் அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தத்தைச் சிந்திவிட்டார்கள் என்று காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். உண்மையில் அந்த மண் யாருடையது என்பதே வழக்கு. இரு தேசத்தாரும் உரிமை கொண்டாடிய நிலத்திற்குள் படையை நகர்த்திவைத்தவர் போல்க். ஜனாதிபதியின் கட்சியார் 50,000 தொண்டர்களையும் ஒரு கோடி டாலரையும் அளிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தனர். அதன் முகப்பில், மெக்ஸிகோவின் செய்கையாலேயே யுத்த நிலை ஏற்பட்டுவிட்டது என்று ஒரு முகவுரையைச் சேர்த்தனர். விவாதத்துக்கு விட்ட நேரம் இரண்டே மணி. அதிலும் பெரும்பகுதி தஸ்தாவேஜுகளை வாசிப்பதிலேயே கழிந்தது.

இங்கேதான் கண்ணியை நேயர்கள் பார்க்கவேண்டும். முகவுரை தனியாக ஓட்டுக்கு வந்தபோது அதைப் பொய்யென்று எதிர்த்தவர்கள் 67 பேர். முகவுரையும் பணமும் ஒன்றாய்ச் சேர்ந்த முழு மசோதா ஓட்டுக்கு வந்தபோது எதிர்த்தவர்கள் எத்தனை பேர்? பதினான்கே பேர்! ஆதரவு 174. முன்னாள் ஜனாதிபதியும் அப்போது முதியவருமான ஜான் குயின்ஸி ஆடம்ஸ் அந்தப் பதினால்வரில் ஒருவர். சில நாழிகைக்கு முன் பொய்யென்று சொன்ன மற்றவர்கள் அதே பொய்க்குக் கை தூக்கினர். ஏனெனில், ஆற்றங்கரையில் எதிரியின் முன் நிற்கும் சேனைக்கு உதவி மறுத்தான் என்ற சொல் தங்கள் ஊருக்குப் போய்ச் சேர்வதை அவர்கள் விரும்பவில்லை. 1812-ம் வருஷத்து யுத்தத்தை எதிர்த்த பெடரலிஸ்டுக் கட்சி அதன் பிறகு தலையெடுக்கவே இல்லை என்ற நினைவு அவர்களை வாட்டிற்று. பணத்தின் முதுகில் பொய்யை ஏற்றி அனுப்பினால் பொய்யும் சுங்கமின்றிக் கடந்துவிடும் என்ற வித்தையை அன்று போல்க்கின் கட்சியார் உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தனர்.

மறு வருஷம் டிஸம்பரில் இல்லினாய் ராஜ்யத்திலிருந்து ஒரு புதிய அங்கத்தினர் வந்து அமர்ந்தார். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். இரத்தம் சிந்திய அந்த இடம் எது, அது யாருடைய மண் என்று காட்டும்படி ஜனாதிபதியைக் கேட்டு அவர் தீர்மானங்கள் கொண்டுவந்தார். 1848 ஜனவரி 3-ந் தேதி, இந்த யுத்தம் அநாவசியமாகவும் சட்ட விரோதமாகவும் ஜனாதிபதியால் தொடங்கப்பட்டது என்ற திருத்தம் 85-க்கு 81 என்ற கணக்கில் பிரதிநிதி சபையில் நிறைவேறிற்று. லிங்கன் அதை ஆதரித்தார். அதே லிங்கன் படைக்கு வேண்டிய பணத்தை ஒருபோதும் மறுக்கவில்லை. யுத்தம் தவறு, அனுப்பப்பட்ட சிப்பாய்க்கோ சோறு போடவேண்டும் என்பது அவர் கொள்கை.

இவ்வளவு ஜாக்கிரதையாக நடந்தும் அவர் தப்பினாரா? பத்து வருஷம் கழித்து, 1858-ல், செனட் ஸ்தானத்துக்கு ஸ்டீபன் டக்ளஸை எதிர்த்து நின்றபோது அந்தப் பழி திரும்ப வந்தது. ஆகஸ்டு 21-ந் தேதி ஒட்டாவா ஊரில் நடந்த வாதத்தில், லிங்கன் சொந்த நாட்டுக்கு விரோதமாக எதிரியின் பக்கம் சேர்ந்தவர் என்று டக்ளஸ் கூறினார். சிகாகோ நகரத்து எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்று, சிப்பாய்களுக்கான பணத்தை லிங்கன் எதிர்த்து ஓட்டளித்தார் என்று எழுதிற்று. அந்த ஓட்டை அளித்தவர் லிங்கன் அல்லர். அவருக்கு முன் அந்த ஸ்தானத்தில் இருந்த ஜான் ஹென்றி என்பவர். லிங்கன் சபையில் காலெடுத்து வைக்கும் முன்பே நடந்த ஓட்டு அது! செப்டம்பர் 18-ந் தேதி சார்ல்ஸ்டன் ஊர் மேடையில் லிங்கன் என்ன செய்தார் என்றால், டக்ளஸின் கட்சியைச் சேர்ந்தவரும் தம்மோடு காங்கிரஸில் இருந்தவருமான பிக்லின் என்பவரைச் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தி, நீரே சொல்லும் என்று சாட்சி கேட்டார். யுத்தத்தைக் கண்டித்த திருத்தத்துக்கு லிங்கன் ஓட்டளித்தார் என்பது தவிர வேறெதுவும் பிக்லினால் சொல்ல முடியவில்லை. பணத்துக்கு ஆம் என்றவனையும் இல்லை என்றவனாகக் காட்ட இச்சூதினால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அப்படியானால், அஞ்சிக் கை தூக்கியவர்கள் பெற்ற லாபம்தான் என்ன?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். யுத்தத்தை அநியாயம் என்று ஓட்டளித்த விக் கட்சியார் 1848 தேர்தலில் ஜனாதிபதி பதவிக்கு யாரை நிறுத்தினார்கள்? அதே யுத்தத்தில் புகழ் பெற்ற சேனாபதி டெய்லரை. அவர் வெற்றியும் பெற்றார். கட்சிகளின் மனச்சாட்சி அவ்வளவு வளைந்து கொடுக்கும் வஸ்து.

ஆளும் ஜனாதிபதியே பணத் தேவையின்றி ஓட்டுக் கேட்ட வேடிக்கையும் உண்டு. 1965 மே மாதத்தில் ஜனாதிபதி ஜான்ஸன் வியத்நாம் காரியத்துக்கென்று 70 கோடி டாலர் கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது பணமன்று. இது சாதாரணச் செலவு மசோதா அல்ல, இதை ஆதரிப்பவர் யுத்தத்தில் உறுதியாய் நிற்பதையும் ஆதரிப்பவராவார் என்று வெளிப்படையாகவே எழுதினார். இரண்டு நாளில் பிரதிநிதி சபை 408-க்கு 7, செனட் சபை 88-க்கு 3 என்ற கணக்கில் கொடுத்துவிட்டன. சிப்பாய்க்குத் துப்பாக்கி கொடுப்பதாக எண்ணிக் கை தூக்கியவர்கள், பின்னால் லட்சக்கணக்கான படை வியத்நாமுக்குச் சென்றபோது, நீங்களும் சம்மதித்தீர்களே என்ற பதிலைக் கேட்டு வாயடைத்து நின்றனர்.

இனி ஈராக்குக்குத் திரும்புவோம். 2006 நவம்பர் தேர்தலில், யுத்தத்தில் சலித்த ஜனங்கள் காங்கிரஸின் இரு சபைகளையும் ஜனநாயகக் கட்சியிடம் ஒப்படைத்தனர். ஜனங்களின் தீர்ப்பு அதைவிடத் தெளிவாக இருந்திருக்க முடியாது. 2007-ல் மிஸ்டர் புஷ் மேலும் பணம் கேட்டபோது, பணம் தருகிறோம், ஆனால் படை திரும்பும் தேதியும் கூடவே வரவேண்டும் என்று இரு சபைகளும் சுமார் 12,400 கோடி டாலர் மசோதாவை நிறைவேற்றின. செனட்டில் 51-க்கு 46. பிரதிநிதி சபையில் 218-க்கு 208. பொக்கிஷத்தின் சாவி முதன்முறையாகப் பூட்டில் நுழைந்தது எனலாம். ஆனால், அந்தக் கட்சியாரும் சுத்தக் கையோடு நுழையவில்லை. மார்ச்சு மாதத்தில் பிரதிநிதி சபையில் முதல் மசோதாவுக்கு ஓட்டுச் சேர்ப்பதற்காக, கீரை பயிரிட்டு நஷ்டமடைந்தவர்களுக்கு உதவி, வேர்க்கடலை சேமித்துவைக்கும் செலவு ஆகியவற்றையெல்லாம் யுத்த மசோதாவில் திணித்திருந்தனர். கீரைக்கும் பாக்தாதுக்கும் என்ன சம்பந்தம் என்று எதிரிகள் நகைத்தனர். நகைப்பதற்கு இடமிருந்தது.

மே 1-ந் தேதி மிஸ்டர் புஷ் வீட்டோ செய்தார். அந்தத் தேதிக்கு ஒரு சிறப்பு உண்டு. நாலு வருஷத்துக்கு முன் அதே நாளில்தான் அவர் ஒரு விமானந்தாங்கிக் கப்பலின் மேல் நின்று, ஈராக்கில் பெரும் போர்கள் முடிந்தன என்று அறிவித்தார். கப்பலின் பெயர் ஆபிரகாம் லிங்கன்! வீட்டோவை மீற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பிரதிநிதி சபையில் கிடைத்தது 222-க்கு 203 மாத்திரம். இப்போது படைக்குப் பணமில்லாமல் செய்தவர் யார்? பணத்தோடு வந்த மசோதாவைக் கையெழுத்திடாமல் திருப்பியவர் ஜனாதிபதி. ஆனால், பழி காங்கிரஸின் தலையில் விழும் என்று இரு கட்சியாருக்கும் தெரியும். ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மே 24-ந் தேதி தேதியில்லாத மசோதா, செனட்டில் 80-க்கு 14, பிரதிநிதி சபையில் 280-க்கு 142 என்று நிறைவேறிற்று. ஜனங்கள் ஆணையிட்டு ஏழு மாதத்திற்குள் ஆணை காற்றில் போயிற்று. 2007-ம் வருஷத்தில் ஈராக்கில் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் 900 பேருக்கு மேல். அந்த யுத்தத்தின் எந்த வருஷத்திலும் அவ்வளவு பேர் சாகவில்லை. ஈராக் ஜனங்களின் சாவு அதைவிடப் பன்மடங்கு. அவர்களுடைய பெயர் எந்தத் தேர்தல் விளம்பரத்திலும் வரவில்லை.

அந்தப் பதினான்கு செனட்டர்களில் மிஸ்டர் ஒபாமாவும் ஸ்ரீமதி ஹில்லாரி கிளிண்டனும் இருந்தனர். முந்தைய வருஷங்களில் மிஸ்டர் ஒபாமா யுத்தச் செலவுக்கு ஓட்டளித்தவரே. இப்போது இருவரும் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடத் தொடங்கியிருந்தனர். (அதே மசோதாவுக்குள் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் பகுதியும் இருந்தது. ஏழைக் கூலிக்காரனுக்கு இல்லை என்றார்கள் என்றும் இவர்களைத் தூற்றியிருக்கலாம். எதிர்க்கட்சி அந்தக் கூலி உயர்வை விரும்பாததால் போலும் அந்த விளம்பரம் வரவில்லை.) 2008 செப்டம்பர் 26-ந் தேதி நடந்த வாதத்தில் செனட்டர் மக்கெயின், படைக்குப் பணத்தை நிறுத்த ஓட்டளித்தவர் என்று மிஸ்டர் ஒபாமாவைச் சாடினார். மிஸ்டர் ஒபாமா தடுமாறவில்லை. தேதி குறித்த மசோதாவை நீர் எதிர்த்தீர். தேதி குறிக்காத மசோதாவை நான் எதிர்த்தேன். இது கொள்கை வேற்றுமை என்றார். 2004-ல் வென்ற அம்பு இம்முறை முனை முறிந்து விழுந்தது. விடை சுருக்கமாயிருந்தது ஒரு காரணம். யுத்தத்தில் ஜனங்களுக்கு இருந்த வெறுப்பும், பாங்குகள் சரிந்ததால் எழுந்த பீதியும் பெரிய காரணங்கள்.

ஒபாமா ஜனாதிபதியானார், நாற்காலிகள் மாறின, வேஷங்களும் மாறின. 2009 ஜூனில் சுமார் 10,600 கோடி டாலர் யுத்தச் செலவு மசோதாவில் சர்வதேச நிதி ஸ்தாபனத்துக்குக் கடனுதவி அளிக்கும் பகுதி சேர்க்கப்பட்டிருந்தது. அதைக் காட்டிக் குடியரசுக் கட்சியார் பிரதிநிதி சபையில் ஐவர் நீங்கலாக அனைவரும் எதிர்த்தனர். மசோதா 226-க்கு 202 என்று தப்பிப் பிழைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் யுத்தப் பணத்துக்கு இல்லை என்பதே துரோகம் என்றவர்கள், இப்போது மசோதாவில் வேறு சரக்கு இருக்கிறது, அதனால் இல்லை என்கிறோம் என்றார்கள். 2003-ல் கெர்ரி சொன்னதும் அதுதானே? ஊருக்கு உபதேசம் செய்பவர்களின் வீட்டுக் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

சிப்பாய் பட்டினி கிடப்பான் என்ற பூச்சாண்டி எவ்வளவு மெய்? காங்கிரஸ் பணம் ஒதுக்காத காலத்திலும் படைக்கு உடை, உணவு, எரிபொருள், இருப்பிடம், மருந்து ஆகியவற்றைக் கடன் சொல்லி வாங்கிக்கொள்ள அதிகாரமளிக்கும் சட்டம் ஒன்று 1861-ம் வருஷத்திலிருந்தே அந்நாட்டில் உண்டு. பணம் நிறுத்தப்பட்ட மறுநாள் காலையில் எவனும் கஞ்சியின்றி நிற்கப்போவதில்லை. யுத்தத்தை மேற்கொண்டு நடத்துவதுதான் நிற்கும். இவ்விரண்டையும் ஒன்றென்று ஜனங்களை நம்பச் செய்வதில்தான் சூதின் வெற்றி அடங்கியிருக்கிறது. 1973-ல் காங்கிரஸ் உண்மையாகவே பணத்தை நிறுத்திற்று. கம்போடியா மீது குண்டு பொழிவதற்கு இனிப் பணமில்லை என்றது, நிக்ஸன் ஜூனில் வீட்டோ செய்தார், காங்கிரஸ் விடவில்லை, ஆகஸ்டு 15-ந் தேதி குண்டு வீச்சு நின்றது. அன்று மாத்திரம் அந்தத் தைரியம் எப்படி வந்தது? மார்ச்சு மாதக் கடைசிக்குள் அமெரிக்கப் படை வியத்நாமை விட்டு வெளியேறிவிட்டது. முன்னால் நிறுத்திக் கேடயமாகப் பிடிப்பதற்கு மந்திரிகளிடம் சிப்பாய் இல்லை.

அமெரிக்காவை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரேரோ, நாமா ஜனங்களைக் கொன்று குவித்த யுத்தத்துக்கு மேலும் பணம் தர ஜெர்மன் சட்டசபை 1906 டிஸம்பர் 13-ந் தேதி 177-க்கு 168 என்று மறுத்தது. பிரதம மந்திரி பியூலோ உடனே சபையைக் கலைத்து, தேசபக்தி கோஷத்தோடு தேர்தலுக்குப் போனார். 1903-ல் 81 ஸ்தானம் பெற்ற சோஷலிஸ்டுகள் 1907-ல் 43-க்கு இறங்கினர். அவர்கள் பெற்ற மொத்த ஓட்டு குறையவில்லை, கூடியே இருந்தது. ஆனால் மற்றக் கட்சிகள் ஒன்று சேர்ந்து அவர்களை விழுத்தின. சூடுபட்ட பூனை பிறகு பாலைக் கண்டாலும் ஓடும். 1914 ஆகஸ்டு 4-ந் தேதி மகா யுத்தத்துக்குப் பணம் கேட்டபோது அதே சோஷலிஸ்டுகள் ஒருவர் பாக்கியின்றிக் கை தூக்கினர். அதற்குக் காரணங்கள் பல உண்டு. 1907-ன் தழும்பும் அவற்றுள் ஒன்று என்றே நாம் எண்ணுகிறோம். டிஸம்பர் 2-ந் தேதி மறுபடி ஓட்டு எடுத்தபோது இல்லை என்றவர் கார்ல் லீப்னெக்ட் ஒருவரே.

நமது தேசத்தாருக்கும் யுத்தச் செலவு ஓட்டு அந்நியமான விஷயமன்று. 1939-ல் நம்மை ஒரு வார்த்தை கேளாமல் யுத்தத்தில் இழுத்துவிட்ட வைஸ்ராய், 1940 நவம்பரில் அதற்கு வரிப்பணம் கேட்டு மத்திய சட்டசபைக்கு வந்தார். காங்கிரஸ் அங்கத்தினர் அதற்கென்றே சபைக்குத் திரும்பிவந்து மசோதாவைத் தோற்கடித்தனர். வைஸ்ராய் தம் விசேஷ அதிகாரத்தால் அதை நிறைவேற்றிக்கொண்டார். நம்மவர் ஓட்டுக்கு ஒரு பைசாவை நிறுத்தும் சக்தி இருக்கவில்லை. எனினும், இது எங்கள் சம்மதமின்றி நடக்கும் யுத்தம் என்று உலகம் அறியச் சொல்லிற்று. வாஷிங்டனில் இருந்தவர்களின் ஓட்டுக்குச் சகல சக்தியும் இருந்தது.

பரிகாரம் என்ன? சிப்பாயின் ஊதியமும் மருந்தும் ஒரு மசோதா. யுத்தத்தைத் தொடர்வது வேறொரு மசோதா. கீரையும் கடலையும் மூன்றாவது. ஒவ்வொன்றும் பெயர் பதிந்த தனி ஓட்டு. இதைச் செய்ய எந்தச் சபைக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. 2007 மே மாதத்தில் பிரதிநிதி சபை யுத்தப் பணத்தையும் உள்நாட்டுச் செலவையும் தனித்தனி ஓட்டுக்கு விட்டதுண்டு. ஆனால், சிப்பாயையும் யுத்தத்தையும் பிரிக்க இரு கட்சியாருமே முன்வரவில்லை. பிரித்துவிட்டால் அடுத்த தேர்தலுக்கு விளம்பரம் எழுத ஒன்றும் இராது என்பது இருவருக்கும் தெரியும்.

மிஸ்டர் புஷ் 2007-ல் மறுத்த தேதியின் கதை எப்படி முடிந்தது என்று நேயர்கள் கேட்கலாம். 2008 நவம்பரில், அமெரிக்கத் தேர்தல் முடிந்த பிறகு, அவருடைய சர்க்கார் ஈராக் சர்க்காருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அமெரிக்கப் படை முழுவதும் 2011 டிஸம்பர் 31-ந் தேதிக்குள் வெளியேற வேண்டும் என்று அதில் தேதி குறித்திருந்தது. அந்தத் தேதிக்குள் படையும் வெளியேறிற்று.